சோழியிலிருந்து நெடுஞ்சாலை வரை: திருத்தித் திருத்தி விடை காணும் கணக்கின் வரலாறு



பல ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்திருந்தேன். தோட்டத்தில் ஆடுகளும் கோழிகளும் உள்ளன, தலைகள் 20, கால்கள் 56, ஆடுகள் எத்தனை? ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்: ‘ஆடு 10 என்றால் கால் 60. நான்கு கால் கூடுதல். ஓர் ஆட்டை எடுத்துக் கோழியை வைத்தால் இரண்டு கால் குறையும். ஆகவே ஆடு 8.’ விடை சரி. ஆனால் முதலில் 10 என்று எழுதியதை நான் ‘ஊகம், வழிமுறை இல்லை’ என்று சிவப்பு மையால் குறித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவன் ஏதும் பேசவில்லை. அழிப்பானை எடுத்து அந்த வரிகளை அழித்துவிட்டான்.

அவன் செய்தது ஊகம் மட்டுமன்று. ஓர் ஊகம், அதன் பிழை, அப்பிழையை அளவுகோலாகக் கொண்ட திருத்தம் ஆகிய மூன்றும் அவன் தாளில் இருந்தன. இம்மூன்றையும் மீண்டும் மீண்டும் செய்வதைக் கணிதத்தில் மீள்செயல் முறை என்பர். அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம்மவர்க்கும் இடமுண்டு. எவ்வளவு இடம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் மேடைகளில் ‘இவையெல்லாம் நம் முன்னோர் என்றோ கண்டவை’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. கைத்தட்டல் கிடைக்கும், ஆனால் மாணவன் மறுநாள் வகுப்பில் ‘எதைக் கண்டார்கள், ஐயா?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

கிரகணத்திலிருந்து தொடங்குவோம். சந்திர கிரகணம் எப்போது தொடங்கும் என்று கணக்கிட, அந்த நேரத்தில் நிலவு தன் பாதையில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த விலகலோ நேரத்திற்கு நேரம் மாறுவது. நேரம் தெரிந்தால்தான் விலகல் தெரியும். விலகல் தெரிந்தால்தான் நேரம் தெரியும். ‘சூரிய சித்தாந்தம்’ இதற்கு வழி கூறுகிறது. கிரகணத்தின் நடுநேரத்து விலகலையே முதலில் வைத்துக்கொண்டு தொடக்க நேரத்தைக் காண்க. கிடைத்த நேரத்திற்குரிய விலகலைப் புதிதாகக் காண்க. அதைக்கொண்டு நேரத்தை மறுபடியும் காண்க. இதைப் பலமுறை செய்ய வேண்டும். சூரிய கிரகணக் கணக்கிலும் இத்தகைய விதி உண்டு. விடை மாறாது நிற்கும் வரை செய்யச் சொல்கிறது நூல். இதற்கு வடமொழி வானியலார் வைத்த பெயர் ‘அசக்ருத்’. ஒரு முறையோடு நில்லாதது என்பது பொருள்.

பதினைந்தாம் நூற்றாண்டில் கேரளத்தின் நிளை ஆற்றங்கரையில், ஆலத்தூரில் வாழ்ந்த வடசேரிப் பரமேசுவரர் இதில் ஒரு படி மேலே சென்றார். ஏறத்தாழ 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, கணக்கோடு ஒப்பிட்டு, 1431-இல் ‘திருக்கணிதம்’ என்ற முறையை வகுத்தவர் இவர். நம் நாட்காட்டிகளில் இன்றும் ‘திருக்கணிதம்’, ‘வாக்கியம்’ என்று இருவகை பார்க்கிறோமே, அந்தத் ‘திருக்’ என்பது கண்டது என்ற பொருள் தரும் சொல். இவர் எழுதிய உரை ஒன்றில், இரண்டு ஊகங்களையும் அவற்றின் இரண்டு பிழைகளையும் சேர்த்து வைத்து மூன்றாவது ஊகத்தைப் பெறும் முறை காணப்படுகிறது. ஒரே பிழையைப் பார்த்துத் திருத்துவதைவிட இது விரைவானது. ஆடு கோழிக் கணக்கில், ஓர் ஆட்டுக்கு எத்தனை கால் குறைகிறது என்று அந்த மாணவன் பார்த்தான் அல்லவா? அதே சிந்தனைதான்.

இனித் தமிழ் மண்ணுக்கு வருவோம். 1825-இல் ஜான் வாரன் என்பவர் ‘காலசங்கலித’ என்ற பெரிய நூலைச் சென்னையில் வெளியிட்டார். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயரிடம் பணியாற்றிச் சென்னை வான் ஆய்வகத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகள் வகித்தவர். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரை அவர் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, எழுதுகோலும் ஏடும் இன்றி, மனப்பாடமான வாக்கியங்களிலிருந்தே எண்களை எடுத்து, 1825-ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஆட்டோ நியூகபாயர் என்ற கணித வரலாற்றறிஞர் 1952-இல் ‘தமிழ் வானியல்’ என்னும் கட்டுரையில் இதை ஆராய்ந்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம், நடுநேரத்தில் 23, முடிவு நேரத்தில் 52. சோழிகளை வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்து போட்ட கணக்கு என்பதை நினைத்துப் பாருங்கள்!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் செய்தது பெரும்பாலும் மனத்தில் இருந்த அட்டவணையைப் பயன்படுத்திய கணக்கு. ஏன் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும் என்ற காரணம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று வாரனே குறித்திருக்கிறார். (வாய்பாட்டை மட்டும் ஒப்பிக்கும் மாணவன் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்லன்.) மரபு விதியைக் காத்தது, விதியின் காரணம் வேறு ஏடுகளில், வேறு சிலரிடம் இருந்தது. பரமேசுவரரைப் போல வானத்தைப் பார்த்து விதியைத் திருத்தியவர்கள் சிலரே.

மாறாது நிற்கும் வரை செய் என்றது பழைய நூல். சரி, மாறாது நிற்கும் என்று யார் சொன்னது? நிற்காமலே போனால்? இந்தக் கேள்வியைப் பொதுவாகக் கேட்டு, பொதுவாக விடையளித்தவர் ஸ்தெபான் பனாக் என்ற போலந்து நாட்டவர். 1922-இல் வெளிவந்த அவருடைய தேற்றம் எளிமையானது. ஒரு செயல், எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை ஒரு குறிப்பிட்ட விகிதத்திற்கேனும் சுருக்குமானால், அதை மீண்டும் மீண்டும் செய்யும்போது எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே புள்ளியில்தான் போய் நிற்கும். அப்புள்ளியை நிலைத்த புள்ளி என்பர். நீங்களே சோதிக்கலாம். அறிவியல் கணிப்பானை ரேடியன் அளவைக்கு மாற்றி, ஏதாவது ஓர் எண்ணை இட்டு, ‘கொசைன்’ விசையை விடாமல் அழுத்திக்கொண்டே இருங்கள். 0.739 என்ற எண்ணருகே வந்து அது அசையாமல் நின்றுவிடும். நீங்கள் 5 என்று தொடங்கினாலும் உங்கள் நண்பர் 500 என்று தொடங்கினாலும் அதே எண்தான்.

அசக்ருத் என்ற பழைய விதிக்கும் பனாக் தேற்றத்திற்கும் உள்ள இடைவெளி இதுதான். நம்மவரிடம் முறை இருந்தது. முறை எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்று முன்கூட்டியே சொல்லும் உறுதி இல்லை. முன்னதைப் பெருமையுடன் சொல்லலாம். பின்னதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

இதுவரை பார்த்தவை எல்லாம் சமன்பாடுகள். இடப்பக்கம் வலப்பக்கத்திற்குச் சமமாக வேண்டும் என்பவை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சமன்பாட்டிற்குள் அடங்காத ஒரு கேள்வி இத்தாலியில் எழுந்தது. மிருதுவான ஒரு பொருளைக் கெட்டியான வழவழப்பான தளத்தின் மேல் வைக்கிறோம். தன் எடையால் அது சற்று நசுங்கி அமர்கிறது. எந்தெந்த இடங்களில் அது தளத்தைத் தொடும்? இட்டலியைத் தட்டில் வைத்து யோசித்துப் பாருங்கள். தொடும் இடத்தில் தளம் அதை மேலே தள்ளும். தொடாத இடத்தில் தள்ளாது. எது தொடும் இடம் என்பதோ முன்கூட்டித் தெரியாது. அதுவே விடையின் ஒரு பகுதி! அந்தோனியோ சிஞ்ஞொரினி என்ற முதிய பேராசிரியர் 1959-இல் இக்கேள்வியைத் தம் மாணவர்முன் வைத்தார். அவருடைய மாணவர் கயத்தானோ ஃபிக்கேரா அதற்கு விடை இருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று நிறுவி 1963 சனவரியில் அறிவித்தார். அப்போது சிஞ்ஞொரினி மரணப் படுக்கையில் இருந்தார். மாணவன் தமக்கு மிகுந்த மனநிறைவைத் தந்துவிட்டான் என்று அவர் தம் அருகிலிருந்தோரிடம் கூறியதாகச் சொல்வர். அடுத்த மாதமே, 1963 பிப்ரவரியில், அவர் காலமானார். ஓர் ஆசிரியனாக இந்த இடத்தைப் படிக்கும்போது நான் சற்று நேரம் மேலே படிக்காமல் இருந்தேன்.

ஏறக்குறைய அதே காலத்தில் மற்றோர் இத்தாலியரான கைடோ ஸ்தம்பாக்கியா 1964-இல் இத்துறைக்கு அடித்தளமான தேற்றத்தை வெளியிட்டார். பிறகு பிரான்சின் ழாக் லூயி லியோன்சும் அவரும் சேர்ந்து 1967-இல் எழுதிய கட்டுரை இதைத் தனித் துறையாகவே நிறுத்தியது. இதைத்தான் இங்கு ‘மாறல் சமனிலி’ என்று குறிக்கிறேன். அதன் சாரம்: அனுமதிக்கப்பட்ட நிலைகளில் ஒன்றில் நிற்கிறோம், அங்கிருந்து அனுமதிக்கப்பட்ட எந்தத் திசையில் சிறிது நகர்ந்தாலும் நமக்கு ஆதாயம் இல்லை. அப்படியானால் நாம் விடையில் நிற்கிறோம். ‘ஆதாயம் இல்லை’ என்பதை ‘ஆதாயம் பூச்சியம்’ என்று படிக்கக் கூடாது. ‘பூச்சியம் அல்லது நட்டம்’ என்று படிக்க வேண்டும். சமன்பாடு போய்ச் சமனிலி வந்தது அதனால்தான்.

இது விளங்க இத்தாலிக்குப் போக வேண்டாம், காம்பாரிலேயே பார்க்கலாம். நம் ஊரின் நடுவே செல்வது பழைய கூட்டரசுச் சாலை. ஈப்போவிலிருந்து கோப்பெங், காம்பார், தாப்பா என்று தெற்கே போகும். 1994 செப்டம்பரில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, கோப்பெங்கிலிருந்து தாப்பாவுக்கு இரு வழிகள். தீபாவளிக்கு முந்தைய மாலை. ‘நெடுஞ்சாலை நெரிசல், பழைய சாலையில் போ’ என்று ஒருவர் தொலைபேசியில் சொல்ல, கேட்டவர் எல்லாரும் பழைய சாலையில் இறங்க, காம்பார் கடைத்தெரு அசையாமல் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம்!

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் என் கற்பனை, சாலைகள் உண்மை. சுங்கக் கட்டணத்தை மறந்துவிடுவோம். மொத்தம் 1000 வாகனங்கள். நெடுஞ்சாலை காலியாக இருந்தால் 20 நிமிடம். ஒவ்வொரு 20 வாகனத்திற்கும் ஒரு நிமிடம் கூடும். பழைய சாலை காலியாக இருந்தால் 40 நிமிடம். ஒவ்வொரு 40 வாகனத்திற்கும் ஒரு நிமிடம் கூடும். எல்லாரும் நெடுஞ்சாலையில் போனால் 70 நிமிடம். பழைய சாலையிலோ 40 தான். வேறுபாடு 30 நிமிடம். ஒரு நிமிட வேறுபாட்டிற்கு 8 வாகனம் என்று மாற்றுவோம்: 240 வாகனங்கள் பழைய சாலைக்கு வருகின்றன. நெடுஞ்சாலையில் இப்போது 760. நேரம் 58 நிமிடம், பழைய சாலையில் 46. வேறுபாடு 12, இன்னும் 96 வாகனங்கள் மாறுகின்றன. நெடுஞ்சாலையில் 664. அடுத்த முறை ஏறக்குறைய 626. இப்படியே 600-ஐ நெருங்குகிறது. அங்கே இரு சாலைகளிலும் 50 நிமிடம். மாறிப் போவதால் யாருக்கும் ஆதாயம் இல்லை.

இங்கே இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, வாகனங்கள் 300 மட்டுமே என்று கொள்ளுங்கள். எல்லாரும் நெடுஞ்சாலையில் போனால் 35 நிமிடம். பழைய சாலை காலியாக இருந்தும் 40. யாரும் மாறமாட்டார்கள். இரு நேரங்களும் சமமாகவில்லை; ஆயினும் இதுவே விடை. சமன்பாட்டை மட்டும் நம்பியவன் இங்கே தடுமாறுவான்.

இரண்டாவது, அவசரம். ஒரு நிமிட வேறுபாட்டிற்கு 8 என்பதற்குப் பதில் 30 வாகனங்களை மாற்றினால்? முதல் அடியிலேயே 900 வாகனங்கள் பழைய சாலைக்கு ஓடுகின்றன. நெடுஞ்சாலையில் 100 தான் மிச்சம். இப்போது நெடுஞ்சாலை 25 நிமிடம், பழைய சாலை 62½ நிமிடம். அடுத்த அடியில் 1125 வாகனங்கள் திரும்ப வேண்டும் என்கிறது கணக்கு. கூட்டினால் நெடுஞ்சாலையில் 1225. இருப்பதே 1000 தானே! எல்லை மீறிய விடையை அருகிலுள்ள எல்லைக்கு இழுத்து வந்து 1000 என்று வைக்கிறோம். இப்படி இழுத்து வருவதை வீழல் என்பர். ஆனால் 1000-இல்தானே தொடங்கினோம்? ஆகவே 1000, 100, 1000, 100 என்று முடிவின்றி ஊசலாடும். மாறாது நிற்கும் வரை செய் என்ற விதியை இங்கே பின்பற்றியவர் வாழ்நாள் முழுவதும் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான். அடியின் நீளத்தை அளந்து வைத்தால்தான் முறை பலிக்கும். எவ்வளவு நீளம் பாதுகாப்பானது என்று சொல்வதே இத்துறையின் பெரும்பகுதி.

சாலைக்கும் இக்கணிதத்திற்கும் முடிச்சுப் போட்டது நானல்லன். யாரும் வழியை மாற்றி ஆதாயம் பெற முடியாத நிலையை 1952-இல் ஜான் வார்ட்ரொப் வரையறுத்தார். பிரிட்டனில் எம். ஜே. ஸ்மித் 1979-இலும், அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெல்லா டஃபெர்மாஸ் 1980-இலும் அந்நிலையைச் சமனிலியாக எழுதினர். இட்டலிக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே கணிதம் என்று கண்ட துணிவை வியக்காமல் இருக்க முடியவில்லை. கிரேக்கத்தில் பிறந்த டஃபெர்மாஸ் 1990-இல், ஐம்பது வயதைத் தொடுமுன் மறைந்தார்.

சில கணக்குகளில் அடியை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. இருவர் விளையாடுகின்றனர். முதலாமவர் கையில் ஓர் எண், இரண்டாமவர் கையில் ஓர் எண். இரண்டின் பெருக்கலைக் குறைக்க முதலாமவரும் கூட்டிக்கொள்ள இரண்டாமவரும் முயல்கின்றனர். இருவரும் பூச்சியத்தில் நின்றால் அமைதி. (1, 0) என்ற நிலையில் தொடங்கி அரை அடி வைத்தால் (1, 0.5). அமைதி நிலையிலிருந்து இருந்த தூரம் 1, இப்போது 1.118. நெருங்குவதற்குப் பதில் விலகுகிறோம். அடியைக் குறைத்தால் மெதுவாக விலகுவோம், அவ்வளவே. பூவைச் சுற்றும் வண்டு பூவில் அமராமல் வட்டத்தை அகலமாக்கிக்கொண்டே போவது போன்றது இது.

1976-இல் சோவியத் நாட்டின் கலீனா கொர்ப்பெலெவிச் இதற்கு ஒரு தந்திரம் சொன்னார். அடி வைக்குமுன் ஒரு வெள்ளோட்டம் பார். (1, 0.5) வரை மனத்தளவில் போ, அங்கே எந்தத் திசை சரி என்று கேள், பிறகு தொடங்கிய இடத்திற்கே திரும்பி வந்து அந்தத் திசையில் அடி வை. கணக்கிட்டால் (0.75, 0.5) கிடைக்கும். தூரம் 0.901. நெருங்கிவிட்டோம்! ஒவ்வோர் அடிக்கும் இரண்டு கணக்கு. ஆனால் வண்டு பூவில் அமர்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து, படம் வரையும் கணினியையும் அப்படத்தில் குற்றம் காணும் கணினியையும் மோதவிட்டுப் பயிற்றுவிக்கும் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள், இரண்டும் சுற்றிச் சுற்றி வந்து நிலைகொள்ளாததைக் கண்டு, 2018 வாக்கில் இந்தப் பழைய தந்திரத்தைத் தேடி எடுத்தனர்.

இக்கதையில் நம் பக்கத்திலிருந்து ஓர் ஏடு உண்டு. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமும் டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகமும் இணைந்து பயன்பாட்டுக் கணிதத் திட்டம் ஒன்றை நடத்தின. பிரான்சின் ரொலான் குளோவின்ஸ்கி அங்கே வந்து நிகழ்த்திய விரிவுரைகள் 1980-இல் நூலாயின. சமனிலிகளின் அடிப்படையும், அவற்றைக் கணினியில் திருத்தித் திருத்தித் தீர்க்கும் முறைகளும் அதில் உள்ளன. விரிவுரையைக் குறிப்பெடுத்து நூலாக்கியவர்கள் எம். ஜி. விஜயசுந்தரம், எம். ஆதிமூர்த்தி ஆகிய இருவர். பெருமைப்பட வேண்டுமானால் இங்கே படலாம் என்பது என் எண்ணம். புதுச்சேரிக் கணிதர் வாக்கியத்தை மனத்தில் காத்தார். இவர்கள் காரணத்தையும் சேர்த்துத் தாளில் எழுதி வைத்தனர்.

‘மாறல் சமனிலி’, ‘மீள்செயல்’, ‘வீழல்’ ஆகிய சொற்களில் எனக்கு முழு நிறைவில்லை. நம் பள்ளிகளில் 2003 முதல் சில ஆண்டுகள் கணிதம் ஆங்கிலத்தில் நடந்தபோது, இருந்த கலைச்சொற்களே மாணவர் வாயிலிருந்து நழுவின. புதியவை எங்கிருந்து வரும்? பொருத்தமான சொல் வைத்திருக்கும் அன்பர்கள் எழுதுங்கள், கட்டுரையில் திருத்திவிடுகிறேன்.

ஆடு கோழிக் கணக்கு இன்றும் என் பாடத்தில் இருக்கிறது. முதல் ஊகத்தை அழிக்கக் கூடாது, ஒரே ஒரு கோடு போட்டு அப்படியே விட வேண்டும் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி ஆடு 20 என்று தொடங்கினாள். கால் 80. கோடு போட்டுவிட்டு, 24 கால் கூடுதல் என்று பக்கத்தில் எழுதினாள்.